தொப்பியில் இருந்த உப்பு

அன்பு மகளுக்கு, என் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அதையும் தைலம் தேய்த்துத் தாஜா செய்து வைத்திருக்கிறேன். நீயும், நீ கட்டிக்கொண்டு அழும் அந்தக் கப்பல் எஞ்சினும் மக்கர் செய்யாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் ஏஜெண்ட் ஆபீஸில் கேட்டேன், இப்போது தபாலில் சேர்த்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கைக்குக் கிடைத்துவிடும் என்றார்கள். அங்கே நல்ல குளிராம், உன் அண்ணன் சொன்னான். காதை மூடிக்கொள். எஞ்சின் ரூம் சூட்டிலிருந்து வேர்க்க விறுவிறுக்க நேராக மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்காதே, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டால் நடுக்கடலில் யார் பார்ப்பார்கள். அண்ணன், அண்ணி, குழந்தை எல்லாரும் சௌக்கியம். குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டது, போனில் பேசினால் பாதி வார்த்தை காற்றாகவே வருகிறது. அண்ணன் போன் செய்யும்போதெல்லாம், தனியா அங்க என்னப்பா பண்றீங்க, பேசாம இங்க வந்துடுங்க என்று ஒரே பல்லவியைப் பாடுகிறான். நானும் பாக்கலாம் பாக்கலாம் என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன தடவை நீ கப்பலிலிருந்து பேசியபோது, அம்மா தொப்பி எப்படிப்பா இருக்கு என்று கேட்டாய். இருக்கு இருக்கு என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றி ஆரம்பித்தேன். நீ அதைக் கவனித்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. லைன் கட் ஆனது எனக்கு நல்லதாகப் போயிற்று. அந்தத் தொப்பியைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன், பொறுமையாகப் படி. அம்மா போன துக்கத்துக்கு வந்திருந்து நீ திரும்பக் கிளம்பிய அன்று வாசலில் டாக்சிக்காரர் ஹார்ன் மேல் ஹார்ன் அடிக்க, நீ பின்கட்டுக்கு ஓடிப்போய், ஆணியில் தொங்கிய அம்மாவின் தோட்டத் தொப்பியை எடுத்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாய். அப்பா, இதை மட்டும் துவைச்சுடாதீங்க, வேற யாரையும் துவைக்க விடாதீங்க, நான் வரும்போது எனக்கு இது இப்படியே வேணும் என்றாய். சரி என்றேன். நீ கேட்டது துணியை இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவின் துணிமணி எல்லாவற்றையும் அண்ணி துவைத்து மடித்துவிட்டாள், பீரோவைத் திறந்தால் சோப்பு வாசனைதான் வருகிறது. தலையணையில் மருந்து வாசனை. நோய் வருவதற்கு முன் இருந்தாளே, வெயிலில் நின்று வேலை செய்துவிட்டு முகம் சிவந்து உள்ளே வருவாளே, அந்த அம்மாவின் வாசனை மிச்சமிருந்தது அந்த ஒரு தொப்பியில்தான். அவளுக்கு எப்படி வேர்க்கும் என்று உனக்கே தெரியும். தொப்பியின் உள்பட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். நான் கிண்டல் செய்தால், நிழல்ல உக்காந்து டீ குடிக்கிறவருக்கு என்ன தெரியும் என்பாள்.

நீங்கள் எல்லாரும் போன பிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஊரார் வீட்டுக் குழாயையெல்லாம் திருகிப் பழகிய கை இது, ஒரு வேலையும் இல்லாமல் மடியில் கிடந்தால் அதுவே பாரமாக இருக்கிறது. நம் தோட்டத்துக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்குமே, நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே. நான் ஸ்பானரை எடுத்தால் போதும், அது ஒழுகட்டும், உங்க வேலை இல்ல அது என்று அம்மா குறுக்கே வந்து நிற்பாள். குழாய்க்காரர் வீட்டுக் குழாயே ஒழுகுதே என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சிரிப்பார்கள், எனக்கு மானம் போகும். என்னைச் சீண்டத்தான் அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஒரு தடவை காரணம் கேட்டதற்கு, குடிக்கிறவங்க குடிச்சிட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன நஷ்டம் என்றாள். காக்கை குருவியைச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். இப்போது தடுக்க ஆள் இல்லை. பழைய குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, கால் சுற்றில் மூடிக்கொள்கிற புதுப் பித்தளைக் குழாய் ஒன்றைப் பொருத்தினேன். அடியில் சேறும் சகதியுமாகக் கிடந்த இடத்தைக் கொத்தி எடுத்துச் சிமெண்ட் பூசினேன். வேலை அவ்வளவு சுத்தமாக வந்தது, எழுந்து நின்று வீட்டுப் பக்கம் திரும்பி, கொஞ்சம் வந்து பாரேன் என்று குரல் கொடுத்தும்விட்டேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. குழாயிலும் சத்தம் இல்லை, வீட்டிலும் சத்தம் இல்லை. அவள் போன அன்றுகூட வீட்டில் அந்தச் சொட்டுச் சத்தம் இருந்தது, அதை நிறுத்தியது நான்தான்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறி, ஆணியைச் சுற்றிப் பூஞ்சை படர ஆரம்பித்தது. தொப்பியில் பூஞ்சை பிடித்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று, கொல்லைப்பக்கக் கூரை விளிம்புக்குக் கீழே புதிதாக ஒரு ஆணி அடித்து, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று அதை அங்கே மாட்டினேன். அங்கே மழை படாது, ஆனால் விடியற்காலைப் பனி படும் என்பதை யோசிக்கவில்லை. மழை விட்டு வெயில் அடித்த முதல் நாள், டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு பெரிய கருப்புப் பட்டாம்பூச்சி, கீழ்ச்சிறகு ஒரு பக்கம் கிழிந்தது, தொப்பிக்குள் உட்கார்ந்திருந்தது. அம்மா பூவாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாளே, சரியாக அந்த நேரம். அது அசையவே இல்லை, கிட்டே போனாலும் பறக்கவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கடுத்து மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னதாக இன்னும் சில சேர்ந்துகொண்டன, ஆனால் கிழிந்த சிறகுக்காரிதான் முதலில் வருவாள். மேல்மாடி வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, உங்க வீட்டம்மாதாங்க வந்திருக்காங்க, வேற யாரு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் பின்பக்கம் போவதற்கு முன் முகச்சவரம் செய்துகொண்டு போனேன்.

பிறகு பேச ஆரம்பித்துவிட்டேன், சிரிக்காதே. குழந்தைக்குப் பல் விழுந்ததைச் சொன்னேன். உன் கப்பல் இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். குழாயைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் பேசும்போது அந்தக் கிழிந்த சிறகு மெதுவாக மூடித் திறக்கும், அம்மா வேலை செய்துகொண்டே ம் கொட்டுவாளே, எனக்கு அப்படித்தான் பட்டது. பயமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள் மேகமூட்டமாக இருந்து ஒன்றும் வரவில்லை, அன்று முழுக்க யாரோ என்மேல் கோபித்துக்கொண்ட மாதிரி வீட்டுக்குள் உலாத்திக்கொண்டிருந்தேன்.

நம் பக்கத்து வீட்டு டீச்சர், அதுதான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறாளே, அம்மாவும் அவளும் மதில் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று மணிக்கணக்கில் பேசுவார்களே, அவள் அம்மாவிடம் வாங்கிப்போன செடி வெட்டும் கத்தரியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நான் தொப்பியிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து பட்டாம்பூச்சிகளைப் பார்த்துவிட்டு, அண்ணே, அதுங்க உப்புக்கு வருதுங்க, பூவுல தேன் கிடைக்கும், உப்பு கிடைக்காது, ஈர மண்ணு, வேர்வை, எங்க கிடைச்சாலும் விடாது என்றாள். அப்புறம் குழாயைப் பார்த்தாள், சிமெண்டைப் பார்த்தாள். அக்கா அதுங்களுக்காகத்தானே இங்க ஒழுக விட்டிருந்தாங்க, உங்ககிட்ட சொல்லலையா என்று கேட்டாள். சொல்லியிருக்கிறாள், எனக்குத்தான் விளங்கவில்லை. அந்தச் சேற்றில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்ததுகளின் வாயில் நான் சிமெண்ட் பூசியிருக்கிறேன். இடம் தெரியாமல் அலைந்து கடைசியில் தொப்பிக்கு வந்திருக்கின்றன. டீச்சர் போனதும் தொப்பியை எடுத்து உள்பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்த உப்பு, பனி ஈரத்தில் ஊறிக் கரைந்து, அங்கங்கே கோடாகத்தான் தெரிந்தது. அம்மா வந்து என்னோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அவை அம்மாவைக் குடித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

உடனே தொப்பியை ஒரு பையில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். மறுநாள் காலையில் அவை வந்தன. வெறும் ஆணியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. கிழிந்த சிறகுக்காரி ஆணியின் மேல் உட்கார்ந்தாள், பிறகு தொப்பியின் விளிம்பு உரசி உரசிச் சுவரில் ஒரு தடம் இருந்ததே, அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். வந்து கதவைத் தட்டுகிறவளை உள்ளே விடாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இழுத்தது. இவை வராமல் போனால் நாளைக்குக் காலையில் நான் எதற்காக எழுந்து வெளியே வர வேண்டும் என்பது இன்னொரு பக்கம் இழுத்தது. என்னால் தாங்க முடியவில்லை, தொப்பியை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி மாட்டிவிட்டேன். அதை மாட்டிய கையோடு டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்று, அதுங்களுக்கு வேற இடம் பண்ணிக் கொடுக்கணும், வழி சொல்லும்மா என்று கேட்டேன்.

அவள் சொன்ன வழி லேசானதுதான். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண் தட்டு, அகலமானதாக ஒன்று. அதில் பருமணலும் கொஞ்சம் தோட்டத்து மண்ணும் கலந்து பரப்பி, ஒரே ஒரு சிட்டிகை உப்புத் தூவ வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது, மணல் ஈரமாக மட்டும் இருக்க வேண்டும், தேங்கினால் அவற்றுக்கு உட்கார இடம் கிடையாது. சிறகை விரித்து வெயில் காய இரண்டு மூன்று தட்டைக் கல், ஓரத்தில் கனிந்து கறுத்த வாழைப்பழத் துண்டு. காற்று அடிக்காத, வெயில் விழுகிற இடமாகப் பூச்செடிப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும் என்றாள். எனக்குத்தான் கை சின்னதாக எதையும் செய்யாதே. சிட்டிகையாவது ஒன்றாவது என்று ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டு, தட்டு தளும்பத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒரு ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை. டீச்சர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, என்னண்ணே, பொண்ணு கப்பல்ல இருக்கான்னு கடலையே கொண்டாந்து வெச்சிட்டீங்களா என்றாள். அவ்வளவையும் கொட்டி, மணலை அலசி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சரியாகப் போட்ட பிறகும் தட்டு மதியத்துக்குள் காய்ந்துவிடும், ஊற்றினால் குளமாகிவிடும். குழாயிலிருந்து சொட்டாக விடலாம் என்று பார்த்தால், நான் பொருத்திய புதுக் குழாய் ஒன்று மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் பீச்சியடிக்கும், நடுவில் நிற்கத் தெரியாது. நல்ல வேலை செய்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டது அன்றுதான். அப்போதுதான் அம்மாவின் அறைக்குள் போனேன், நீ போன பிறகு கதவைத் திறந்தது அதுதான் முதல் தடவை. மருந்து அலமாரியில், பிரிக்காத டிரிப்ஸ் குழாய் ஒன்று உறையோடு இருந்தது, கடைசியில் தேவைப்படாமல் போனது. பாட்டில் மாட்டுகிற கம்பமும் கட்டில் பக்கத்தில் அப்படியே நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு வந்து தோட்டத்தில் நிறுத்தி, ஒரு தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, குழாயைச் செருகி, நுனியை மணலில் படிகிற மாதிரி வைத்தேன். சின்ன உருளை ஒன்று இருக்குமே, கட்டைவிரலால் நகர்த்திச் சொட்டைக் கூட்டவும் குறைக்கவும், வீட்டுக்கு வந்துபோன நர்ஸம்மா எனக்குப் பழக்கியது. நான் யோசிக்காமலே கட்டைவிரல் அதை எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, கட்டிலுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேனோ கம்பத்துக்கு அதே பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், பாட்டில் காலியாவதற்குள் எழுந்து மாற்ற வேண்டுமே என்று அதே பதைப்போடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு இதைச் சொன்னேனா தெரியாது, பேச்சு நிற்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அம்மா அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள், திடீரென்று என் பக்கம் திரும்பி, ஒழுகுறதும் நல்லதுக்குத்தான்னு இப்பவாவது ஒத்துக்கறீங்களா என்றாள். நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பக்கத்திலிருந்து அதையே கேட்கிற மாதிரி இருக்கிறது, திரும்பிப் பார்க்கவும் மாட்டேன்.

அடுத்த சில நாளில் மஞ்சள் குட்டிகள் தட்டுக்கு வர ஆரம்பித்தன. கிழிந்த சிறகுக்காரி மட்டும் முதலில் தொப்பிக்குப் போவாள், அப்புறம்தான் கீழே இறங்குவாள். அந்தச் சமயத்தில்தான் நர்ஸம்மா கம்பத்தைத் திரும்ப வாங்கிப்போக வந்தார். பின்பக்கக் கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தோட்டத்து நடுவில் டிரிப்ஸ் ஏறுகிறது, பக்கத்தில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், பாவம், என்னவென்று நினைத்தாரோ. நான் விஷயத்தைச் சொன்னதும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கொஞ்சம் வேகமா போகுதுங்களே, குறைக்கட்டுமா என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உருளையை நகர்த்திச் சொட்டைச் சரிசெய்தார், அதற்குப் பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்துப் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கம்பம் இருக்கட்டுங்க, இன்னொரு வீட்டுக்கு வேணும்னா வந்து வாங்கிக்கறேன் என்று சொல்லிவிட்டு, டீ போடுகிறேன் என்று கூப்பிட்டும் நிற்காமல் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் தொப்பியின் பக்கம் ஒன்றுகூடப் போவதில்லை, எல்லாம் தட்டில்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெயித்துவிட்டேன், இவையும் வருகின்றன, என் மகளுக்குச் சொன்ன வாக்கும் பிழைத்தது என்று, தொப்பியைக் கழற்றி ஒரு தகர டப்பாவில் வைத்து மூடப் போனேன். மூடுவதற்கு முன்னால், நீ செய்தாயே அதேபோல, முகத்தை உள்ளே வைத்துப் பார்த்தேன். பனி வாசனை வந்தது, சுண்ணாம்பு வாசனை வந்தது, வெயிலில் காய்ந்த துணி வாசனை வந்தது. உள்பட்டையைத் திருப்பிப் பார்த்தேன், தையலுக்குள் மூக்கை வைத்துப் பார்த்தேன். கடைசியில் நாக்காலும் தொட்டுப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. அவை தொப்பியை விட்டது என் தட்டு நன்றாக இருந்ததால் இல்லை, வாலு. தொப்பியில் ஒன்றும் மிச்சமில்லை, அதனால் விட்டன. வந்த ஆத்திரத்தில் உருளையை இறுக்கிச் சொட்டை நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். எழுந்து வந்து பார்த்தால் காய்ந்த மணலில் உட்கார்ந்து சுருள் நாக்கை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தன. அம்மா அத்தனை காலம் விட்டுவைத்திருந்த சொட்டு, அதை ஒரு தடவை நிறுத்தியதே போதும் என்று திறந்துவிட்டேன்.

அண்ணனிடம் சொன்னேன். சொல்லாதீங்கப்பா, நாள்பட்டா வாசனை போறது சகஜம்தானே, அவளும் அப்படித்தான் நினைச்சுக்குவா என்றான். நினைத்துக்கொள்வாய்தான். ஆனால் நீ அதை எடுத்து முகத்தில் வைக்கிற அந்த நேரத்தில் நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும், உன் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போல நிற்க என்னால் ஆகாது. அதனால்தான் எழுதிவிட்டேன். என்மேல் கோபம் வந்தால் கோபப்படு, அழுகை வந்தால் அழு, ஆனால் அழுதுகொண்டே எஞ்சின் பக்கம் போகாதே. கிழிந்த சிறகுக்காரி இப்போது வருவதில்லை. டீச்சரிடம் கேட்டேன், அதுங்க ஆயுசு அவ்வளவுதாண்ணே என்றாள்.

அம்மாவின் செடிகளெல்லாம் களை மண்டிக் கிடந்தன, வெயிலில் வெறும் தலையோடு நிற்க முடியவில்லை. ஆகவே அந்தத் தொப்பியை நான் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன். அவள் தலை சின்னது, எனக்கு நெற்றியைப் பிடிக்கிறது. கழற்றிப் பார்த்தால் உள்பட்டை நனைந்திருக்கிறது, காய்ந்ததும் மெல்லிசாக ஒரு வெள்ளைக்கோடு விழுகிறது. நேற்று நான் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அண்ணே அசையாதீங்க, தொப்பி மேல ஒண்ணு உக்காந்திருக்கு என்று டீச்சர் மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள். முழங்கால் கெஞ்சக் கெஞ்ச அப்படியே இருந்தேன்.

கடவுள் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாற்றட்டும், உன் கை தொடுகிற வேலையெல்லாம் ஒழுங்காக ஓடட்டும். லீவுக்கு எழுதிக் கொடுப்பதைத் தள்ளிப்போடாதே, இதைப் படித்த கையோடு எழுதிக் கொடு. நீ வந்து அந்தத் தொப்பியில் முகத்தைப் புதைத்தால் அம்மா இருக்கமாட்டாள். என் வேர்வைதான் இருக்கும். என்னைத் தொப்பியில் தேட வேண்டிய நாள் வருவதற்கு முன்னால் வந்துவிடு, வாலு.

ஆசிகளுடன்,
உன் அப்பா